மரச்சாமானுக்குத் தேன்மெழுகா, ஆளிவிதை எண்ணெயா?

தேன்மெழுகு சுமார் 63 டிகிரி செல்சியஸில் உருகும். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, அடுப்பை அணைத்து, தீயிலிருந்து தள்ளிவைத்து டர்பன்டைன் கலந்தால் களிம்பு தயார். பளபளப்பு உடனே வரும். ஆனால் சூடான டம்ளர் வைத்தால் தடம் விழுந்துவிடும்.

ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் இறங்கி, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகும். மர ரேகை எடுப்பாகத் தெரியும். காய்வதற்கு நாள்கணக்கில் ஆகும், அவசரக்காரர்களுக்குச் சரிப்படாது. எனக்குப் பயம் வேறு: துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், இறுகும்போது பிறக்கும் சூடு உள்ளேயே தங்கித் தானாகத் தீப்பிடிக்கக்கூடும். வெளியில் விரித்துக் காயவிடுங்கள்.

தினம் புழங்கும் மேசைக்கு எண்ணெய். அலங்காரப் பெட்டிக்கு மெழுகே போதும். இரண்டும் வேண்டுமென்றால் முதலில் எண்ணெய். மெழுகின் மேல் எண்ணெய் இறங்காது.