பழைய கோவா பொம் ஜேசு பேராலயம்: சவேரியாரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

வேளாங்கண்ணி–வாஸ்கோ வாராந்திர ரயிலில் மட்காவ் வந்து, பஞ்சிம் போய், அங்கிருந்து பழைய கோவா பஸ் ஏறும் நம்மவர்கள் பலர் புனித பிரான்சிஸ் சவேரியாரின் முகத்தைப் பார்த்துவிடலாம் என்றுதான் வருகிறார்கள். சாதாரண நாளில் அது நடக்காது. அவர் உடல் இருக்கும் வெள்ளிப் பேழை ஆளுயரத்துக்கும் மேலே பளிங்குப் பீடத்தின் உச்சியில் இருக்கிறது. கீழே நின்றால் பேழையின் பக்கம்தான் தெரியும். உடலை இறக்கி வைப்பது ஏறக்குறையப் பத்தாண்டுக்கு ஒருமுறை. கடைசியாக 2024 நவம்பர் 21 முதல் 2025 ஜனவரி 5 வரை, எதிரிலுள்ள சே கதீட்ரலில் வைத்திருந்தார்கள்.

அதனால் ஏமாற வேண்டாம். நடுப்பீடத்துக்கு வலப்பக்கம் திரும்பி, அண்ணாந்து பார்ப்பதற்கு முன் பேழையைத் தாங்கும் பளிங்குப் பீடத்தைப் பாருங்கள். இத்தாலியின் தஸ்கனி நாட்டை ஆண்ட பெருங்கோமான் மூன்றாம் கோசிமோ, புனிதர் தலைசாய்த்த தலையணைக்கு ஈடாக அனுப்பிய பரிசு அது. ஃபோஜினி என்ற புளோரன்ஸ் சிற்பி பத்தாண்டு உழைத்தார். இங்கே பொருத்தியது 1698இல். நாலு பக்கமும் வெண்கலத் தகடுகள்: போதிப்பது, திருமுழுக்குக் கொடுப்பது, துரத்துகிறவர்களிடம் தப்புவது, சீனக் கரையோரச் சான்சியான் தீவில் இறப்பது. முன்னால் மட்டும் நின்றால் ஒன்றுதான் கண்ணில் படும், பக்கவாட்டில் நகருங்கள். திருமுழுக்குத் தகட்டைப் பார்க்கும் மணப்பாடு, புன்னைக்காயல்காரர்களுக்குச் சொந்த ஊர் நினைவு வராமல் போகாது. 1542 மே மாதம் கோவாவில் இறங்கியவர் அக்டோபரிலேயே முத்துக்குளித்துறைக்கு வந்து, மந்திரங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்து, மனப்பாடமாக்கிச் சொல்லிக் கொடுத்தார்.

பேழை 1636–37இல் கோவாத் தட்டார்கள் செய்தது. அவர் வாழ்க்கையைச் சொல்லும் 32 சிறு தகடுகள் அதில் உண்டு. வெறுங்கண்ணுக்கு அவை வெள்ளிப் பளபளப்பு மட்டுமே, சின்ன பைனாகுலர் இருந்தால் உருவங்கள் பிரியும். உடல் முழுசாக இருக்கிறதா என்று கேட்பவர்களுக்கு: 1552 டிசம்பர் 3இல் இறந்ததும், எலும்பைச் சீக்கிரம் எடுத்துப் போகலாம் என்று சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். தோண்டியபோது உடல் கெடாமல் இருந்தது. வலது முன்கை 1614இல் ரோமுக்குப் போய்விட்டது.

வெளிச்சுவர் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்றும் கேட்பார்கள். 1950களில் சாந்துப்பூச்சை உரித்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் செம்புரைக்கல் நுண்துளைக் கல், கோவா மழையைக் குடித்து அரிக்கிறது. படத்துக்கு அழகுதான், கட்டடத்துக்குக் கேடு.

தோள், முழங்கால் மூடிய உடை தேவை. நவம்பர் 24இல் நவநாள் தொடங்கி டிசம்பர் 3 திருநாள் வரை ஜெபிக்க நல்ல காலம், கூட்டத்தில் தகடு பார்க்க ஆகாது. நிதானமாகப் பார்க்க வார நாளில் காலையிலேயே, சுற்றுலா பஸ்கள் வருமுன் போய்விடுங்கள். ஞாயிறு காலை திருப்பலி நேரம். எதிரிலுள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதென்றால் வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று விடுமுறை.