தோட்ட அலுவலகத்தில் க்யூஜிஐஎஸ்: அதன் பைதான் வசதி பற்றிய மதிப்பீடு

மலேசியாவின் தெலுக் இந்தான் வட்டாரச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் நில வரைபடங்களைப் பராமரிக்கும் வேலைக்குக் கட்டணமில்லா மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸையே நம்பியிருக்கிறேன். இங்கு மதிப்பிடுவது, பைதான் என்னும் நிரல் மொழியில் அதற்குக் கட்டளையிடும் வசதியை மட்டும். மரங்களுக்கு ஏறத்தாழ 25 வயதாகி மறுநடவு நெருங்கும்போது, அந்தப் பிளாக்குகளை மட்டும் வடிகட்டி, டிவிஷன் வாரியாகத் தனித்தனிக் கோப்புகளாகக் கேட்பார்கள். கையால் செய்தால் சலிப்பூட்டும் இந்த வேலையைப் பைதான் கன்சோலில் (கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரத்தில்) எழுதிய சில வரிகள் ஒரே ஓட்டத்தில் முடித்துவிடுகின்றன.

நிரல் எழுதிப் பழகாத கிராணிக்கும் (அலுவலக எழுத்தருக்கும்) இதில் வழியுண்டு. மென்பொருளிலேயே உள்ள பிராசசிங் கருவிகளைக் கொண்டு ஒருமுறை கையால் செய்த வேலை, வரலாற்றுப் பட்டியலில் பைதான் கட்டளையாகவே பதிவாகிவிடுவதால், அதை எடுத்துக் கோப்புப் பெயர்களை மாற்றினாலே பாதி நிரல் தயார்.

என் பெரிய மனக்குறை, இது தவறை உரக்கச் சொல்வதில்லை என்பதுதான். வரைபட அடுக்கை வடிகட்டும் செட்சப்செட்ஸ்ட்ரிங் கட்டளையில் தரவு அட்டவணைப் பத்தியின் (column) பெயரைப் பிழையாக எழுதினால், அது பொய் (False) என்ற மதிப்பைத் திருப்பித் தருகிறதே தவிர நிரலை நிறுத்துவதில்லை. அந்த மதிப்பைச் சோதிக்காத நிரல், வடிகட்டப்படாத முழுத் தோட்டத்தையும் எழுதிவைத்து, வெற்றிகரமாக முடிந்ததுபோலவே நிற்கும். கோப்பை எழுதும் கட்டளையும் பிழை எண்ணைத் திருப்பித் தருவதோடு சரி. அது மட்டுமன்றி, இவ்வடிகட்டி அடுக்கின் மீதே தங்கிவிடுவதால், நீக்க மறந்தால் அடுத்து வருபவர் பாதித் தோட்டத்தைக் காணாமல் திகைப்பார். மூல அடுக்கைத் தொடாமல் புதிய கோப்பை உருவாக்கும் எக்ஸ்ட்ராக்ட் பை எக்ஸ்பிரஷன் கருவியே அலுவலகத்துக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுக் காடழிப்பு ஒழுங்குமுறை, 4 ஹெக்டருக்கு மேற்பட்ட செம்பனை நிலங்களுக்கு எல்லைக்கோட்டையே கேட்பதால், எல்லை ஆயங்களை உரையாகப் பதியும் ஜியோஜேசன் கோப்பு வடிவம் இப்போது தவிர்க்க முடியாததாகிவிட்டது. அதற்கு, மலேசிய வரைபடங்களில் பயன்படும் ஆர்எஸ்ஓ முறை ஆயங்களை, உலகப் பொது முறையான டபிள்யூஜிஎஸ் 84க்கு மாற்ற வேண்டும். கோப்பை எழுதும் புதிய கட்டளையில் அந்த மாற்றத்தைத் தனிப் பொருளாக உருவாக்கித் தரவேண்டியிருப்பது வீண் சுற்று.

ஷேப்ஃபைல் என்னும் பழைய கோப்பு வடிவத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பத்திப் பெயருக்கு 10 எழுத்துகளே அதில் இடம் என்பதால், நடவு ஆண்டைக் குறிக்கும் 11 எழுத்து மலாய்ப் பெயரான ‘தாஹுன்_தானாம்’ (TAHUN_TANAM) கடைசி எழுத்தை இழந்து ‘தாஹுன்_தானா’ (TAHUN_TANA) ஆகிவிடுகிறது. பழைய பெயரைத் தேடும் அடுத்த நிரலுக்கு அந்தப் பத்தியே கிடைக்காது. ஜியோபேக்கேஜ் என்னும் புதிய கோப்பு வடிவத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.