உச்சிப்புளிப் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணை: பச்சைப் பால் குடிக்கப் போன அனுபவம்

கனடாவில் 1991 முதல் காய்ச்சாத பாலை விற்கக் கூடாது என்று நாடு முழுவதற்குமான சட்டம் இருக்கிறது. அப்படியிருந்தும் டொராண்டோவில் எங்கள் நண்பர்கள் நடுவில் பச்சைப் பால் ஆசை கூடிக்கொண்டே போகிறது. எல்லை தாண்டி நியூயார்க் மாநிலத்துப் பண்ணைகளுக்கே போய் வாங்குகிறவர்கள் உண்டு; அங்கே அனுமதி பெற்ற பண்ணை தன் இடத்தில் வைத்து விற்கலாம். நான் ஊருக்குக் கிளம்பியதும், "நல்ல பாலாப் பாத்துக் குடிச்சிட்டு வந்து சொல்லு" என்றார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது.

ராமநாதபுரம் மாவட்டத்தில், உச்சிப்புளிக்கும் அரியமான் கடற்கரைக்கும் நடுவில், தென்னந்தோப்புக்குள் ஒரு சின்னப் பண்ணை இருப்பதாக மச்சான் சொன்னார். கறவை விடியுமுன்பே தொடங்கிவிடும். அந்த நேரத்தில் போனில் வண்டி பிடிக்கலாம் என்று நம்பி இருக்காதீர்கள். முந்தின நாளே தெரிந்த ஆட்டோக்காரரிடம் சொல்லிவைப்பதுதான் சரி. எங்களுக்கு வந்த தம்பி சொன்ன நேரத்துக்கு வாசலில் நின்றார், பேசிய காசுக்கு மேல் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

ஓட்டுக் கொட்டகை, சிமெண்டுத் தளம், ஆறேழு கறவைகள். பெரும்பாலும் ஜெர்சி கலப்பு, ஒன்று மட்டும் நாட்டு மாடு. சாணியை அள்ளிக் கழுவிவிட்ட ஈரம் தரையில் இருந்தது. பண்ணையை நடத்துகிற அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். இந்தக் கடற்கரையில் மாடு வளர்ப்பது லேசான வேலை இல்லை. கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, பசும்புல் நினைத்தபடி வராது. வைக்கோல் திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்திலிருந்து லாரியில் வருகிறது. மாடு குடிக்கிற தண்ணீரைக்கூடக் கோடையில் காசு கொடுத்து வாங்குவதாகச் சொன்னார். ஒரு லிட்டர் பாலுக்குப் பின்னால் இவ்வளவு பாடு இருப்பதைப் பார்த்த பிறகு விலை பேச எனக்கு மனசு வரவில்லை.

கறந்த விதத்தைச் சொல்லியே ஆகவேண்டும். முதலில் கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டார். மடி சுரந்ததும் கன்றை இழுத்து மாட்டின் முகத்துக்கு நேரே கட்டினார். மாடு அதை நக்கிக்கொண்டே நின்றது. வெந்நீரில் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் ஒற்றித் துடைத்தார். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் பீச்சைத் தனியாக ஒரு கிண்ணத்தில் விட்டு, விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். திரித்திரியாக வந்தால் மடிநோய், அந்த மாட்டுப் பாலைச் சேர்க்கக் கூடாது. அப்புறம்தான் விரலில் விளக்கெண்ணெய் தொட்டுக்கொண்டு செம்பில் கறந்தார். நுரை விளிம்புவரை வந்தது. கறந்ததை வெள்ளைத் துணியில் வடிகட்டிக் கேனில் ஊற்றி உடனே மூடினார்.

"அக்கா, பச்சையா ஒரு டம்ளர் கொடுங்க" என்றேன். அவர் தயங்கினார். "பச்சைப் பால் சாமிக்குத்தான் தம்பி. எங்க வீட்டுல யாரும் காய்ச்சாம குடிக்கிறதில்ல. நீங்க கேக்குறீங்கன்னு ஒரு வாய் தாறேன், பிள்ளைகளுக்குத் தர மாட்டேன்" என்றார். சொன்னபடியே என் மகன் நீட்டிய டம்ளரை வாங்கித் தனியே வைத்துவிட்டார். காசு கொடுத்துக் குடிக்க வந்தவர்களிடம் இப்படி மறுத்துச் சொல்கிற வியாபாரியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அந்த ஒரு வாய் குடித்தேன். உடம்புச் சூடு, லேசான இனிப்பு, புல்லும் கொட்டகையும் கலந்த ஒரு மணம். நன்றாகத்தான் இருந்தது. பிறகு அதே பாலை அக்கா அடுப்பில் ஏற்றிப் பொங்கவைத்து, கருப்பட்டி தட்டிப் போட்டுத் தந்தார். அந்தச் சுவைக்கு முன்னால் பச்சைப் பால் நிற்காது. டொராண்டோ நண்பர்கள் தேடுகிற ருசி, கறந்து அரை மணி நேரத்துக்குள் கையில் கிடைப்பதால் வருவது. காய்ச்சாமல் விட்டதால் வருவதில்லை.

சத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். காய்ச்சினால் சில வைட்டமின்கள் கொஞ்சம் குறையும். சுண்ணாம்புச் சத்தும் புரதமும் அப்படியேதான் இருக்கும். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குப் பச்சைப் பால் ஒத்துக்கொள்ளும் என்பதும் சரியில்லை, இரண்டிலும் உள்ள சர்க்கரை ஒன்றுதான். காய்ச்சாத பாலில் காசநோய்க் கிருமியும், மாட்டுக்குக் கன்று வீச்சு நோய் (சினை கலைந்துபோவது) தருகிற புரூசெல்லாக் கிருமியும் வரலாம். எவ்வளவு சுத்தமாகக் கறந்தாலும் மாட்டுக்குள் இருக்கிற நோயைத் துணி வடிகட்டாது. 72 டிகிரியில் 15 விநாடி வைத்தாலே இந்தக் கிருமிகள் சாகும். நம் வீட்டு அடுப்பில் பால் பொங்குவது அதைவிட எத்தனையோ மேல். கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள் பச்சைப் பாலைத் தொடவே வேண்டாம். இது என் உறுதியான கருத்து.

தடுப்பூசி பற்றிக் கேட்டேன். வாயிலும் குளம்பிலும் புண் வருகிற கோமாரி நோய்க்கு வருடம் இரண்டு தடவை போடுகிறார்கள். புரூசெல்லாவுக்குக் கிடேரிக் கன்றுக்கு, அதாவது பெண் கன்றுக்கு, நாலு மாதத்திலிருந்து எட்டு மாதத்துக்குள் ஒரே ஊசி. மாட்டுக்கு முடியவில்லை என்றால் 1962-க்கு அழைத்தால் மருத்துவர் வண்டியிலேயே வருகிறார் என்றார். என் சிறு வயதில் மாட்டை நடத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். இந்த ஒரு மாற்றம் எனக்குப் பெரிய சந்தோஷம்.

போக நினைப்பவர்களுக்கு: பண்ணையில் எல்லாரும் ஜி-பேதான். வெளிநாட்டு நம்பரில் அது இயங்குகிறதா என்று முன்னாலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சில்லறை வைத்திருங்கள். வாங்கிப்போக எவர்சில்வர் தூக்குவாளி கொண்டு போங்கள், பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். குளிரூட்டும் வசதி அங்கே இல்லை, இந்த வெக்கையில் பால் சீக்கிரம் திரிந்துவிடும், அதனால் வீட்டுக்குப் போன கையோடு காய்ச்சிவிடுங்கள். மழை முடிந்து தை, மாசியில் போனால் பசுந்தீவனம் இருக்கும், பாலும் திக்காக இருக்கும். சித்திரை வெயிலில் கறவை குறைந்துவிடும்; அப்போது வாடிக்கைக்காரர்களுக்கே போதாது, போன் செய்து கேட்டுவிட்டுப் போங்கள்.