பழைய நடமாடும் அறுவை மெஷினை யாருக்குக் கொடுப்பது, எதைக் காட்டிக் கொடுப்பது

பிளேடு பூட்டிய தலை தண்டவாளத்தின் மேல் நகர்ந்துபோய், படுக்கைவாட்டில் பேண்ட்சா பிளேடு (வளையமாகச் சுற்றும் பட்டை ரம்பம்) ஓடும் அறுவை மெஷினை விற்க வேண்டுமென்றால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எல்லோரும் மரவாடியைத்தான் கைகாட்டுவார்கள். அது சரியான இடம் இல்லை. மரவாடியில் பெரிய பேண்ட்சா ஏற்கெனவே நிற்கும். அவர்களுக்கு ஒரு நாளில் ஆக வேண்டிய கன அடிக்கு இது ஈடுகொடுக்காது. பழைய வீட்டு உத்தரம், தூண், நிலையை வாங்கிப் பலகையாக்கிக் கதவும் கட்டிலும் செய்யும் ஆசாரி பட்டறைதான் இதற்கு ஏற்ற கை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அப்படிப்பட்டவர்களுக்குச் சேதி போய்விடும்.

காரணம், ரம்பம் தூளாக்கித் தின்னும் கனம். இந்த பிளேடு தின்பது ஏறக்குறைய 2 மி.மீ. வட்ட ரம்பம் 5, 6 மி.மீ. வரை தின்னும். ஓரடி கனமுள்ள பர்மாத் தேக்கு உத்தரத்தில் இதைக் கொண்டு ஓரங்குலப் பலகை 11 எடுக்கலாம். வட்ட ரம்பத்தில் 10 வந்தாலே பெரிது. தேக்கு விலை தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

ஆனால் பழைய மரத்தை அறுத்தே ஓடிய மெஷின் என்றால் வாங்குபவர் பிளேடைப் பற்றித்தான் முதலில் கேட்பார், கேட்கவும் வேண்டும். உத்தரத்தில் ஆணி இருப்பது எல்லோருக்கும் தெரியும். மெட்டல் டிடெக்டரை ஓட்டிப் பிடுங்கிவிடலாம். பலர் கவனிக்காமல் விடுவது சுவருக்குள் புதைந்திருந்த முனையை. அந்த ஒரு முழத்தில் சுண்ணாம்பும் மணலும் மரத்தின் வெடிப்புக்குள் இறங்கிக் கெட்டியாகி இருக்கும். டிடெக்டர் கத்தாது, பல் மட்டும் மழுங்கிப் போகும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தாலும் முழுக்க வராது. முனையைத் தனியே வெட்டி எடுத்துவிட்டு அறுப்பதே லாபம். தேக்கிலேயே மணற்சத்து உண்டு என்பதால் சுத்தமான மரத்திலும் பல் சீக்கிரம் மழுங்கும். ஆகவே பல் தீட்டும் மெஷினையும் செட் வைக்கும் (பல்லை இடமும் வலமுமாகச் சாய்க்கும்) கருவியையும் சேர்த்தே கொடுங்கள். அவற்றைப் பிரித்து விற்றால் வாங்கியவர் பிளேடை வெளியூருக்கு அனுப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் 10 டிகிரி சாய்த்துத் தீட்டிய பல் பச்சை மரத்துக்கும் தேக்குக்கும் போதும். காய்ந்த முதிரை, கருவேலுக்கு 7 அல்லது 4 டிகிரி தீட்டிய பிளேடு இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். பனை அறுக்கலாம் என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள். வெளிவைரம் இரும்பு மாதிரி, உள்ளே சோற்றியும் நாரும். பிளேடு ஒரு கோட்டில் நிற்காது.

இனி தேய்மானம். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு யாரும் மெஷினை வாங்கக் கூடாது. பிளேடைச் சுற்றவைக்கும் சக்கரத்தின் மேல் மாட்டிய வி-பெல்ட்டைப் பாருங்கள். பிளேடு பெல்ட்டின் மேல் மட்டுமே உட்கார வேண்டும். பெல்ட் தட்டையாகி பிளேடு இரும்புச் சக்கரத்தைத் தொட ஆரம்பித்துவிட்டால், பல் குழியிலிருந்து விரிசல் விட்டு பிளேடுகள் அறுந்துகொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் பிளேடின் டென்ஷனை (இழுவிசையை)த் தளர்த்தாமல் விட்ட மெஷினில் இது சீக்கிரம் வரும். விரிசல் முதுகுப் பக்கமிருந்து வந்தால் கதை வேறு: பிளேடை நேர்கோட்டில் தாங்கும் கைடு ரோலரின் விளிம்பு பிளேடின் முதுகை உரசுகிறது. ஓடாத நிலையில் இரண்டுக்கும் நடுவில் அரை நூல் முதல் ஒரு நூல் வரை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) இடைவெளி இருக்க வேண்டும்.

வாங்க வந்தவர் முன்னால் ஒரு மரம் அறுத்துக் காட்டுவதுதான் நேர்மை. நல்ல வேம்போ தேக்கோ, ஓரடி அகலம், எட்டடி நீளம் போதும். ஓரங்குலப் பலகை எடுத்து இரு முனையிலும் நடுவிலும் வெர்னியரில் அளக்கட்டும். ஒரு மி.மீ.க்குள் வித்தியாசம் என்றால் மெஷின் நன்றாக இருக்கிறது. பலகையில் அலை விழுந்தால் உடனே விலையைக் குறைக்க வேண்டியதில்லை. புது பிளேடு மாட்டி இன்னொரு பலகை எடுங்கள். அலை போய்விட்டால் குற்றம் பிளேடில். அலை தண்டவாளத்தின் அதே இடத்தில் திரும்ப வந்தால் தண்டவாளம் இறங்கியிருக்கிறது. நூல் கட்டி, ரசமட்டம் வைத்து, அடிக்கட்டையைச் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். ஒரு ஓரம் கனமாகவும் மறு ஓரம் மெலிந்தும் வந்தால் தலை சாய்ந்திருக்கிறது அல்லது கைடு ரோலர் தேய்ந்திருக்கிறது. அதற்கு விலையில் தள்ளுபடி கேட்பது நியாயமே.

மோட்டார் வைத்த மெஷின் என்றால் பெரும்பாலும் மூன்று ஃபேஸ் வேண்டும். தோட்டத்து மோட்டார் லைனில் மாட்டிக்கொள்கிறேன் என்பவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், விவசாய இலவச இணைப்பில் மரம் அறுக்கக் கூடாது. புது இடத்தில் பிளேடு மாட்டுவதற்கு முன் மோட்டாரை மட்டும் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கட்டும். தலைகீழாகச் சுற்றினால் ஏதாவது இரண்டு ஃபேஸ் ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

உரிமம் மெஷினோடு போகாது. அறுவை மில் நடத்த வனத்துறை உரிமம் வேண்டும். 1996 டிசம்பர் 12-இல் காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு இந்த விஷயத்தில் பிடி இறுகியிருக்கிறது. வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே மாவட்ட வன அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. ரசீதில் எஞ்சின் அல்லது மோட்டார் எண்ணைக் குறியுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏற்றி இறக்க வேண்டாம். பெட்ரோல் எஞ்சின் என்றால் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். நின்ற பெட்ரோல் பிசினாகிவிடும். தலையைத் தண்டவாளத்தின் ஒரு முனைக்குக் கொண்டுபோய்ச் சங்கிலி போட்டு இறுக்கி, பிளேடைக் கழற்றிச் சுருட்டித் தனியே கட்டிக் கொடுங்கள். தண்டவாளத் துண்டுகள் சேரும் இடத்தில் எது எதோடு சேரும் என்று பெயிண்டில் எண் போட்டு வையுங்கள். மாற்றிப் பூட்டினால் ஒவ்வொரு பலகையிலும் அந்த இடத்தில் படி விழும்.