ஈரோட்டு மெஸ் ஒன்றில் வெள்ளாட்டுக் குழம்பு

ஞாயிறு மதியம் ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் சின்ன மெஸ் ஒன்றுக்குப் போனோம். கூட வந்த மச்சான் காரைக்குடிக்காரர். வெள்ளாட்டுக் குழம்பை ஊற்றியதும் அது சோற்றுக்குள் இறங்கி இலை ஓரம் வரை ஓடியது. "என்ன மாப்ள, இது ரசமா?" என்று கேட்டுவிட்டார்.

அவர்கள் ஊரில் சோம்பு, கல்பாசி, அன்னாசிப்பூ எல்லாம் மணந்து சோற்றின் மேல் கெட்டியாக நின்றால்தான் குழம்பு. எங்களுக்கு அப்படி இல்லைங்க. மல்லியையும் மிளகையும் வறுத்து, சின்ன வெங்காயத்தை வதக்கி, தேங்காயோடு அரைத்து, மஞ்சள் போட்டுக் கொதிக்கவிட்டால் போதும், மசாலா கறியின் ருசியை மூடக்கூடாது. இங்கே அதைச் சரியாகச் செய்கிறார்கள். அரைத்த மல்லியின் நறநறப்பு நாக்கில் தெரிகிறது, நல்லி எலும்பை உறிஞ்சினால் கறியின் ருசிதான் முதலில் வருகிறது.

பள்ளிபாளையம் சிக்கன்தான் ஏமாற்றம். காவிரிப் பாலம் தாண்டினால் அந்த ஊர், இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு இப்படியா? வரமிளகாயைக் கிள்ளி விதையை உதறி, சின்ன வெங்காயம், தேங்காய்ப் பல், கறிவேப்பிலையோடு சுண்டச் சுண்ட வதக்க வேண்டிய கறியைத் தக்காளி போட்டு கிரேவியாக்கிக் கொண்டுவந்தார்கள். கேட்டால், வெளியூர்க்காரங்க கிரேவிதான் கேக்கறாங்க என்றார் பரிமாறியவர். மனசுக்குக் கஷ்டமாகிவிட்டது.

அப்புறம் மச்சான் இரண்டாம் சோற்றுக்கும் அதே குழம்பைத்தான் கேட்டு வாங்கினார். ஒரு மணிக்குள் போய்விடுங்கள், எங்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கு வெள்ளாட்டுக் கறி இல்லை.