ஐநேச்சுரலிஸ்ட் செயலி: நிறைகளும் சிக்கல்களும்

ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் செடி, பூச்சி, பறவை எதுவானாலும் படம்பிடித்துப் பதிவேற்றலாம், கட்டணம் கிடையாது. 2008இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் திட்டமாகத் தொடங்கியது.

படத்தைப் போட்டதும் செயலி பெயர்களைப் பரிந்துரைக்கும். பலர் கண்ணை மூடிக்கொண்டு முதல் பெயரைத் தட்டிவிடுகிறார்கள். தரம் கெடுவது இங்கேதான். இனம் தெரியாவிட்டால் 'சிலந்தி' என்ற அளவில் நிறுத்துங்கள், விவரம் தெரிந்தவர் பார்த்துச் சொல்வார். செடி என்றால் பூ, இலையின் அடிப்பக்கம், முழு உருவம் மூன்றையும் ஒரே பதிவில் சேருங்கள். பூ மட்டும் இருந்தால் பல தாவரக் குடும்பங்களில் இனம்வரை போகவே முடியாது.

'ஆய்வுத் தரம்' (ஆய்வுக்குப் பயன்படும் பதிவு என்ற முத்திரை) கிடைக்கத் தேதி, இடம், படம் அல்லது ஒலி, குறைந்தது இருவரின் ஒத்த அடையாளம் வேண்டும். கருத்து வேறுபட்டால் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போக வேண்டும். பிறகு பதிவுக்கு நீங்கள் தேர்ந்தெடுத்த உரிமம் அனுமதித்தால் அது ஜிபிஐஎஃப் (GBIF) என்னும் உலகளாவிய உயிரினத் தரவுத்தளத்துக்குப் போகும். 'அனைத்து உரிமைகளும் எனக்கே' என்று வைத்தால் போகாது, இதைப் பலர் கவனிப்பதில்லை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் தேதியும் இடமும் அழிந்திருக்கும், கையால் நிரப்புங்கள். தொட்டிச் செடியை 'வளர்க்கப்பட்டது' என்று குறிக்காவிட்டால் பரவல் வரைபடம் பொய் சொல்லும்.

பெரிய குறை, பார்த்தது மட்டுமே பதிவாகிறது, பார்க்காதது பதிவாவதில்லை. எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று இதை மட்டும் வைத்துச் சொல்வது கடினம். பறவைகளுக்கு, பறவைப் பதிவுக்கென்றே உள்ள ஈபேர்ட் (eBird) செயலி இதைவிட மேலானது: நேரம், தூரம், கண்ட பறவைகளின் முழுப்பட்டியல் மூன்றையும் கேட்கிறது.