யானையின் மண்டையோடா, ஸ்டோன்ஹெஞ்சா? ஹென்றி மூரின் இரண்டு அச்சோவியத் தொகுப்புகள்

ஆங்கிலச் சிற்பி ஹென்றி மூர் என்றதும் புல்வெளியில் சாய்ந்து கிடக்கும் வெண்கலப் பெண்ணுருவங்கள்தான் நினைவுக்கு வரும். தகட்டிலோ கல்லிலோ வரைந்து தாளில் அச்செடுக்கும் அச்சோவியங்களையும் அவர் 700-க்கும் மேல் செய்திருக்கிறார். அவற்றில் பெரும்பகுதி முதுமையில் பிறந்தவை. அதிகம் பேசப்படும் தொகுப்புகள் இரண்டு: ஒன்று யானையின் மண்டையோடு, மற்றொன்று இங்கிலாந்தின் பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச். எது சிறந்தது என்று கேட்டால், தயங்காமல் யானை என்பேன். ஆனால் ஸ்டோன்ஹெஞ்சை ஒதுக்கிவிட எனக்கு மனம் வராது.

உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லியும் அவர் மனைவியும் மூருக்கு ஓர் ஆப்பிரிக்க யானையின் மண்டையோட்டைப் பரிசளித்தார்கள். 1969, 70-இல் அதை எச்சிங் முறையில் வரைந்து தள்ளினார். மெழுகு பூசிய செப்புத் தகட்டில் ஊசியால் கீறுவதும், கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிப்பதும்தான் எச்சிங். கையிலிருப்பது கோடு மட்டுமே. நிழல் வேண்டுமென்றால் கோட்டின்மேல் கோடு போட்டுத்தான் அடர்த்தி சேர்க்க வேண்டும். முதலில் முழு மண்டையோடு தெரிகிறது. நெருங்க நெருங்கக் கண்குழி குகையாகிறது. எலும்பு வளைவு தூணாகிறது, பாலைவனமாகிறது. ஒரு கட்டத்தில் யானையே மறந்துபோகிறது.

யார்க்‌ஷயரின் காசில்ஃபோர்டில் 1898-இல் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர் மூர். வாத நோயால் அவதிப்பட்ட தாயின் முதுகில் சிறுவயதில் தைலம் தேய்த்துவிட்டதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். தோலுக்கடியில் எலும்பு எங்கே மேடிடுகிறது, எங்கே பள்ளமாகிறது என்று அப்போதே அவர் விரல்களுக்குத் தெரிந்திருக்கும். யானைத் தகடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

ஸ்டோன்ஹெஞ்சின் கதை வேறு. 1921-இல், லண்டனுக்குப் படிக்க வந்த புதிதில், ஒரு மாலை சாலிஸ்பரியில் இறங்கிய மூர் விடியும்வரை பொறுக்க முடியாமல் நிலவொளியிலேயே அந்தக் கற்களைப் போய்ப் பார்த்தார். ஏறக்குறைய 50 ஆண்டுகள் கழித்து அந்த இரவு, எண்ணெய்ப் பசையுள்ள மையால் வரைந்து அச்செடுக்கும் கல்லச்சாக (லித்தோகிராஃப்) வெளிவந்தது. முதலில் எச்சிங் செய்யத்தான் நினைத்திருந்தார். ஆனால் எண்ணெய்ப் பசையுள்ள மைக்கோல் தரும் சொரசொரப்பும் கருமையும் கல்லுக்கும் இரவுக்கும் பொருந்தும் என்று கண்டு முறையை மாற்றினார். சரியான முடிவு. அந்தக் கருமையை ஊசியால் கொண்டுவந்திருக்க முடியாது.

அப்படியும் ஏன் யானை? ஸ்டோன்ஹெஞ்சில் மூர் தமக்கு முன்பே தெரிந்த ஒன்றை நினைவிலிருந்து மீட்கிறார். கற்களின் எடையும் தனிமையும் முதல் தாளிலேயே வந்துவிடுகின்றன. அடுத்தடுத்த தாள்கள் அதையே வலுப்படுத்துகின்றன. யானையிலோ அடுத்த தகட்டில் என்ன வரப்போகிறதென்று அவருக்கே தெரிந்திருக்காது. அந்தத் தேடல் கோட்டின் நடுக்கத்திலேயே தெரிகிறது.

1972-இல் பட்டறையின் ஜன்னல் வழியே பார்த்து வரைந்த செம்மறி ஆடுகளும் உண்டு. அழகானவை, ஆனால் இந்த இரண்டின் வரிசையில் அவற்றை வைக்கமாட்டேன்.

மூலப் படிகளைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஸ்டோன்ஹெஞ்சை நாலடி தள்ளி நின்று பாருங்கள். கருமை அப்போதுதான் கல்லாக இறுகும். யானையைக் கண்ணாடிச் சட்டத்தில் மூச்சுப் படியும் தூரத்தில் நின்று பாருங்கள். கண்குழிக்குள் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருண்டுகொண்டே போவது அங்கிருந்துதான் தெரியும்.